கோப்பியும் யாமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள்பற்றி யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது! ஆயின், சங்கப் புலவர் கள்ளையும் தேறலையும் பாடினரேயன்றிக் கோப்பியைப் பாடினாரல்லர். அவர்கள் அறியாத அந்தப் பானத்துக்கு ஆட்பட்டு இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பின்னர் அதனினின்றும் விடுபட்ட வரலாறு எம்மிடம் உண்டு. பெரும் பொருள்களைப் பெரியோர் எழுதுக; யாம் ஒரு கோப்பைக்குள் அடங்கிய பொருளை எழுதுகின்றோம். அக்கோப்பைக்குள் உடலும் உறக்கமும், தேர்வும் நோன்பும், எல்லாவற்றுக்கும் மேலாக மனிதரை மனிதர் மதிக்கும் முறைமையும் அடங்கியிருத்தலை யாம் பிந்தியே கண்டோம். அதனையே ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் பெயர். தமிழகத்தார் காப்பி என்பர். ஈழத்தவர் நாம் கோப்பி என்போம். தனித்தமிழ் அன்பர் சிலர், கொட்டையின் வடிவம் விலங்கின் குளம்பினை ஒத்திருத்தல் கண்டு 'குளம்பி' எனப் பெயரிட்டனர். அச்சொல்லை யாம் ஒருநாள் வகுப்பில் ஆண்டபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன், "சேர், குழம்பிப் போனவைதான் அதைக் குடிக்கிறவையோ?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது, யாமும் சிரித்தோம். ழகர ளகர வேறுபாட்டைக் கற்பித்தற்கு அது நல்லதொரு வாய்ப்பாயிற்று. அவன் நகைச்சுவையாகச் சொன்னது எம்மளவில் உண்மையென்பது பின்னரே தெரிந்தது.

எமது இல்லம் பூவரசங்குளத்தில், வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியை அண்டியுள்ளது. விடியுமுன் எழுந்து, அடுப்படியிலிருந்து வரும் கோப்பியின் மணத்தோடு எமது நாள் தொடங்கும். அது ஒன்று. பேருந்தில் ஏறுமுன் ஒன்று. இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் ஒன்று. பாடசாலை விட்டதும் சந்திக் கடையில் ஒன்று. மாலையில் வீட்டில் ஒன்று. இரவில் மாணவரின் கொப்பிகளைத் திருத்தும்போது ஒன்று. கொப்பியும் கோப்பியும் ஒருங்கே தீர்ந்த இரவுகள் பல. ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள தொலைவே அவற்றிடை இருந்தது. ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாள்களில், தேர்வுக்காகக் கண்விழிக்கப் பழகியதன் தொடர்ச்சி இது. தேர்வு முடிந்தது, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழும் கிடைத்தது, கோப்பி மட்டும் எம்மை விட்டகலவில்லை.

நாற்பது வயதைக் கடந்தபின் நெஞ்சு படபடக்கலாயிற்று. நள்ளிரவில் விழித்துக் கூரையைப் பார்த்தபடி கிடப்பதும், விடியலில் அடித்துப் போட்டாற்போல அயர்ந்து எழுவதும் வழக்கமாயின. மருத்துவரிடம் சென்றோம். அவர் நெஞ்சைச் சோதித்துப் பழுதில்லை என்று கூறியபின், "ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி?" என வினவினார். யாம் மூன்று என்றோம். பக்கத்திலிருந்த எம் மனையாள் ஆறு என்றார். மருத்துவர் எம்மைப் பாராது மனையாளைப் பார்த்துத் தலையசைத்து, அந்தக் கணக்கையே எழுதிக்கொண்டார். அன்று வெள்ளிக்கிழமை. நாளை முதல் இந்த வீட்டில் எமக்குக் கோப்பி இல்லை என அன்றிரவே சூளுரைத்தோம்.

சனிக்கிழமை முற்பகல் வரை வெற்றிப் பெருமிதம் எம்மிடம் இருந்தது. நண்பகலில் நெற்றிப்பொட்டு இரண்டிலும் ஒரு கனம் தோன்றியது. மாலையில் அது தலை முழுவதும் பரவிக் குனியுந்தோறும் தெறித்தது. ஞாயிறன்று எழவே மனமில்லை. உடல் நோவும் குமட்டலும் சேர்ந்தன; காய்ச்சல் வருகின்றதோ என ஐயுற்றோம். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தாலும் சினம் மூண்டது. எழுதவெடுத்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே அதனைத் தேடினோம். பொறுக்கமாட்டாது தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்க, நோவு வியக்கத்தக்க விரைவில் தணிந்தது. பின்னர் அதன் உறையை ஊன்றிப் படித்தபோதே, கோப்பியில் உள்ள அதே கஃபீன் அம்மாத்திரையிலும் கலந்திருந்தமை புலனாயிற்று. வாயிலை அடைத்துவிட்டுக் கோடிப்புறத்தால் கள்வனை அழைத்த கதையாயிற்று. திங்களிரவு அயலூரில் ஒரு மரணவீடு. எமது பகுதி மரணவீடுகளில் இரவு முழுவதும் கோப்பி வழங்கும் வழக்கத்தை நீவிர் அறிவீர். தட்டு எம்முன் வந்தது; கை தானாகவே நீண்டது. சிறிது நேரத்தில் தலைவலி இருந்த இடம் தெரியவில்லை. சூளுரையும் அவ்வாறே.

தோற்றபின்னரே யாம் படிக்கத் தொடங்கினோம். முதலிற் படி, பின்னர் எழுது என்று மாணவருக்கு ஓயாது கூறும் யாம், எம் விடயத்தில் அதனைத் தலைகீழாகச் செய்திருந்தோம். கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை 1819ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தவர் றூங்க என்னும் ஜேர்மனிய வேதியியலாளர். அவர் கையிற் கொட்டைகளைக் கொடுத்து ஆராய்க எனத் தூண்டியவர் மகாகவி கேத்தே என்பது இலக்கிய மாணவர்க்கு இனிக்கும் செய்தி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கின்றது. அது தனக்குரிய ஏற்பிகளிற் சென்று பொருந்தும்போது அயர்வும் உறக்கமும் உண்டாகின்றன. கஃபீனோ அந்த இடங்களில் முந்திச் சென்று அமர்ந்துகொள்கின்றது. அழையாது வந்து, பிறர் வீட்டுத் திண்ணையிற் பாய் விரித்தவனைப் போல. களைப்பு நீங்குவதில்லை, களைப்பென்னும் செய்தியே வழியில் மறிக்கப்படுகின்றது. நாள்தோறும் இவ்வாறு நிகழவே, மூளை தன்னை அதற்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்கின்றது. திடீரெனக் கோப்பியை நிறுத்தினால், காத்திருந்த அயர்வெல்லாம் ஒருங்கே உட்புகுகின்றது. கஃபீனால் ஒடுங்கியிருந்த மூளையின் குருதிக்குழாய்கள் விரிகின்றன, தலை நோகின்றது.

இந்நிலைபற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. கடைசிக் கோப்பைக்குப் பின் 12 முதல் 24 மணிநேரத்துள் துன்பம் தொடங்கும். 20 முதல் 51 மணிநேரத்துள் உச்சத்தை அடையும். 2 முதல் 9 நாள்கள் வரை நீடிக்கும் என்பது அதன் முடிபு. ஏறத்தாழ அரைப்பங்கினருக்குத் தலைவலி வரும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கஃபீன், அஃதாவது ஏறக்குறைய ஒரேயொரு கோப்பைக் கோப்பி, அருந்துவோருக்கும் இது நேரலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, கஃபீன் நிறுத்தத்தால் வரும் இத்துன்பத்தை ஒரு நோய்நிலையாகவே ஏற்றுக்கொண்டது. எமது சனியும் ஞாயிறும் திங்களும் இந்த அட்டவணையை எழுத்துப் பிசகாமற் பின்பற்றியிருந்தன! யாம் மனவுறுதி இல்லாதவர் என்று எம்மையே நொந்துகொண்டது தவறு, அறியாமையை நொந்திருக்கவேண்டும். கரை தெரியுமிடத்துக்கு வந்தபின்னரன்றோ நீந்துவதை நிறுத்தினோம்!

யாம் தனியே பட்ட இப்பாட்டை எமது தீவு முழுவதும் ஒருகாலத்திற் பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகிற் கோப்பி மிகுதியாக விளைந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1869ஆம் ஆண்டில், இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடியாகப் படியும் பூஞ்சண நோய் இங்குக் கண்டறியப்பட்டது. மார்ஷல் வாட் என்னும் இளந் தாவரவியலாளர் 1880இல் வந்து அதன் இயல்பை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். ஆயினும் தோட்டங்களைக் காக்க இயலவில்லை. நோய் தோன்றி இருபதாண்டுகளுக்குள் கோப்பிப் பெருவாழ்வு முடிந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. தீவு கோப்பியை விட்டது, தேயிலையைப் பற்றியது.

எமது இரண்டாம் முயற்சியும் அவ்வண்ணமே நிகழ்ந்தது. கோப்பியை விட்டோம் என எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு கோப்பைத் தேநீர் அருந்தலானோம். நெஞ்சு முன்போலவே படபடத்தது. ஓய்வறையில் எமது குறையைக் கேட்டிருந்த கணித ஆசிரியரான நண்பர், "தேநீரிலும் கஃபீன் உண்டு, கோப்பையொன்றுக்குக் கோப்பியின் ஏறக்குறைய அரைப்பங்கு. பன்னிரண்டின் அரைப்பங்கு எத்தனை, மாஸ்ரர்?" என்று வினவினார். கரும்பலகை தேவைப்படவில்லை.

மூன்றாம் முயற்சியிற் சூளுரை இல்லை. ஓர் அட்டவணை இருந்தது. ஒரேயடியாக நிறுத்தாது, மூன்று நான்கு நாள்களுக்கொரு கோப்பையாகக் குறைப்பதென முடிவுசெய்தோம். முதலிற் போனது இரவுக் கோப்பை; அடுத்து மாலைக் கோப்பை; பின்னர் சந்திக் கடை. ஒவ்வொரு வெற்றிடத்திலும் மல்லிக் கோப்பி வந்தமர்ந்தது. மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் வறுத்திடித்த அந்தத் தூளை, காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் எமது ஆச்சிமார் பனங்கட்டியோடு தந்ததை மறந்திருப்போமா? பெயரிற் கோப்பி உண்டு. பொருளிற் கோப்பி இல்லை. நாக்கும் மூக்கும் சூட்டையும் கைப்பையும் மணத்தையும் தேடுகின்றன. அவற்றைக் கொடுத்துவிட்டால் பாதி வழக்குத் தீர்ந்துவிடுகின்றது.

எஞ்சியது விடியற் கோப்பை. அதுவே அரசன், ஏனையவை படைகள். கோப்பித்தூளோடு முதல் வாரம் காற்பங்கு மல்லித்தூளும், இரண்டாம் வாரம் அரைப்பங்கும், மூன்றாம் வாரம் முக்காற்பங்குமாகக் கலப்பதென ஏற்பாடு. என்று எவ்வளவு கலக்கப்படுகின்றது என்பதை மனையாள் எமக்குச் சொல்வதில்லை. "இன்று கோப்பி மிக நன்று" என ஒருநாள் யாம் புகழ்ந்தோம். அவர் ஒன்றும் பேசாது தூட்போத்தலைக் காட்டினார். அதில் முக்காற்பங்கு மல்லி. ஐந்து வாரங்களில் எல்லாம் முடிந்தது. இடையில் இரண்டு நாள்கள் மெல்லிய தலைவலி வந்தது. ஒரு செம்பு நீர் பருகிக் குளக்கட்டில் சிறிது தூரம் நடக்க, அதுவும் போயிற்று. இரவு பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும் ஒழுங்கும் துணைசெய்தது. நெஞ்சின் படபடப்பு நின்றது. நள்ளிரவிற் கூரையை ஆராயும் பணியும் ஒழிந்தது.

முதியோர் சிலர் இதனைப் படித்து, இதுவும் ஒரு துன்பமோ என நகைத்தல் கூடும். அவர்கள் நகைக்கும் உரிமை உடையவர்களே. 1990களிற் பொருளாதாரத் தடையின்கீழ் வன்னி இருந்தபோது, சீனிக்கு மாற்றாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, சாயம் வெளிறிய தேநீரைப் பருகி வளர்ந்த சிறுவர்களுள் யாமும் ஒருவர். 2009இல் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களில், ஒரு கோப்பைத் தேநீருக்குரிய வெந்நீரும் அரும்பொருளாய் இருந்ததை அனுபவித்தோர் எம்மிடையே வாழ்கின்றனர். 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றனர். ஆயினும், பறிக்கப்பட்டபோதெல்லாம் நாம் பழக்கத்தினின்று விடுபட்டோமல்லோம். திரும்பக் கிடைத்ததும் முன்னினும் மிகுதியாகவே அருந்தினோம். பறிபோதல் வேறு, விடுதல் வேறு. விடுவதற்குப் பொருள் கையில் இருத்தல் வேண்டும். இந்த வேறுபாட்டை உணர்ந்த மக்கள் எம்மவரைப்போல் வேறு யாருளர்?

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். உயர்தரத் தேர்வு நெருங்குங்காற் போத்தலிற் கோப்பியை நிறைத்துக்கொண்டு கண்விழித்துப் படிப்பதை ஒரு வீரமாக நீவிர் கருதுகின்றீர். உடலிற் சேர்ந்த கஃபீனிற் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணிநேரம் செல்லும். இரவு ஒன்பது மணிக்கு அருந்தியதன் பாதி, அதிகாலை இரண்டு மணிக்கும் உம்முள் விழித்திருக்கும். படுப்பதற்கு ஆறு மணிநேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீனை உட்கொண்டவர்களின் உறக்கம் ஒரு மணிநேரத்துக்கு மேற் குறைந்தமை 2013இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. படித்தது மனத்தில் நிலைபெறுவது உறக்கத்திலேதான். கோப்பி நேரத்தைத் தருவதில்லை, கடனாகத் தருகின்றது. வட்டியைத் தேர்வு மண்டபத்தில் வாங்கிக்கொள்கின்றது. இக்கடனை யாம் இருபதாண்டுகள் கட்டினோம். நீவிர் வாங்கவே வேண்டா.

விரதம் நோற்போர்க்கும் ஒரு சொல். கந்தசட்டியின் முதல் இரு நாள்களில் தலைநோவு தாங்காது வருந்துவோர் பலர். அதனை விரதத்தின் கடுமையாகவே எண்ணுகின்றோம். நாள்தோறும் ஆறு கோப்பை அருந்தி, நோன்பன்று முற்றாக நிறுத்தினால், அந்த நோவிற் பெரும்பங்கு பசியாலன்று, கோப்பியின்மையாலாதல் கூடும். றமழான் வருமுன்னரே கோப்பியையும் தேநீரையும் சிறிது சிறிதாகக் குறைத்துவருமாறு முஸ்லிம் அன்பர்க்கு மருத்துவர் அறிவுரை கூறுவர். அந்த நல்லறிவை நாமும் ஏற்றுக்கொள்ளலாம். நோன்புக்கு இரு வாரம் முன்பே குறைக்கத் தொடங்கினால், மனம் நெற்றிப்பொட்டில் நில்லாது முருகன் திருவடியில் நிற்கும்.

இவ்வளவும் கூறியதனாற் கோப்பியை நஞ்சென்று யாம் பறைசாற்றுவதாகக் கொள்ளற்க. வள்ளுவர் விலக்கிய கள்ளோடு இதனை ஒருவரிசையில் வைத்தல் நீதியன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1991இற் கோப்பியை ஐயத்துக்குரிய பொருள்களோடு சேர்த்திருந்தது. 2016இல் சான்றுகளை மீள ஆராய்ந்து அவ்வரிசையினின்றும் நீக்கிற்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, நலமுள்ள வளர்ந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும், கருவுற்ற பெண்கள் 200 மில்லிகிராம் வரையும் கஃபீன் கொள்ளுதலால் அச்சமில்லை என 2015இற் கூறிற்று. ஒன்றிரண்டு கோப்பை அருந்தி இனிது உறங்குவோர் அவ்வாறே வாழ்க. எமது வழக்கு அப்பானத்தோடன்று. அஃதின்றி இயலாது என்னும் நிலையோடுதான். கோப்பை எமது கையில் இருக்கலாம். யாம் கோப்பையின் கையில் இருத்தலாகாது.

இந்தக் கருத்தோடு கட்டுரையை முடித்திருப்போம். ஆயின், கோப்பியும் தேநீரும் விட்டு இரண்டு மாதம் கழிந்த ஒருநாள் நிகழ்ந்ததொன்று எமது தருக்கை அடக்கிற்று. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

பல நாள் பாடசாலைக்கு வராதிருந்த மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் சென்றோம். தகரக் கூரையிட்ட சிறு வீடு. அவன் தாயார் பிறர் வயலிற் கூலிவேலை செய்து குடும்பத்தைக் காப்பவர். அவர்தம் பெற்றோர், 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப்பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியோர். யாம் பேசிக்கொண்டிருக்கையிலே சிறு பெண்ணொருத்தி கடைக்கு ஓடிச்சென்று பால்மாப் பொட்டலம் ஒன்றுடன் திரும்பியதைக் கண்டோம். அதன் பொருளை உணர்ந்தோமல்லோம். சற்றுநேரத்தில் தாயார் புதிய கண்ணாடிக் குவளையில் பாற்றேநீர் கொண்டுவந்து நீட்டினார். யாம் எமது வெற்றியை எண்ணிய மிடுக்கோடு, வேண்டாம் அம்மா, யாம் இவை அருந்துவதில்லை என்றோம்.

அவர் முகம் மாறிற்று. "பரவாயில்ல சேர். நம்ம வீட்டுல குடிக்க மாட்டாங்கன்னு தெரியும்" என்று தாழ்ந்த குரலிற் கூறிக் குவளையைப் பின்னே இழுத்துக்கொண்டார்.

தெரியும் என்ற அந்த ஒரு சொல் எம்மைச் சுட்டது. முகம் வேறுபட்டு நோக்கின் விருந்தினர் உள்ளம் வாடிப்போகும் என்று வள்ளுவர் உரைத்ததை எத்தனை வகுப்புகளில் விளக்கியுள்ளோம்! விருந்தளிப்பவர் முகமும் அவ்வாறு வாடும் என்பதை அன்றுதான் கண்ணாற் கண்டோம். அந்தத் தெரியும் என்பதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு நின்றது. அவர்தம் முன்னோரைப் போன்றோரைத் தமிழகத்தினின்றும் இத்தீவுக்கு அழைத்தது கோப்பியே. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுவழியே அவர்கள் நடந்தனர். எம்மூருக்கு வெகுதொலைவில்லாத அவ்வழியிற் பேதிக்கும் அம்மைக்கும் பலியானோர் பலர். கோப்பி அழிந்தபின் தேயிலையை வளர்த்தவரும் அம்மக்களே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. வன்செயலுக்கு அஞ்சி வடக்கே வந்தபோது, தமிழராகிய எம்மவருட் சிலர் அவர்களைத் தாழ்வாகவே நோக்கினர்.

எமது வடபுலத்தின் வரலாறும் தூயதன்று. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தகரப் பேணியிலும் போத்தலிலும் ஊற்றிக்கொடுத்த காலம் ஒன்றிருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இவ்வகைத் தீண்டாமையைக் குற்றமாக்கியது. ஏட்டிலிருந்த சட்டம் கடை வாயிலைத் தாண்டவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. அதன்பின் ஊரூராகத் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன. ஒரே குவளையில் ஒரு கோப்பைத் தேநீர் பெறுவதற்கு இம்மண்ணில் மக்கள் அடியுண்டனர், குருதி சிந்தினர். அத்தகைய குவளையை, உடல்நலக் காரணங்கூறி, ஏதுமறியாதவர்போல் யாம் மறுத்துவிட்டோம். எமது காரணம் உண்மையானது. ஆயின், அதே காரணத்தைப் பொய்யாகக் கூறி அவர் வீட்டு வாயிலில் நின்றோர் எமக்கு முன் எத்தனை பேரோ!

"அம்மா, அதை இங்கே தாருங்கள்" என்று கேட்டு வாங்கி, கடைசித் துளிவரை அருந்தினோம். மிக இனிப்பாக இருந்தது. அவர் சிரித்தார். அதன்பின்னரே மகனைப்பற்றி உள்ளதை உள்ளவாறு எம்மிடம் பேசினார். அன்றிரவு உறக்கம் சற்றுப் பிந்திற்று, அவ்வளவே நட்டம்.

அன்று முதல் எமக்கு ஒரு விதி உண்டு. வீட்டிலும் கடையிலும் ஓய்வறையிலும் யாம் கோப்பியோ தேநீரோ அருந்துவதில்லை. பிறர் இல்லத்துக்குச் சென்றால், வாயிற்படியிலேயே, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தாருங்கள் என்று கேட்டுவிடுகின்றோம். அவ்வீட்டுக் கிணற்று நீரை அவர் கையால் வாங்கிப் பருகியபின், தேநீரை வேண்டாம் என்றாலும் எவர் மனமும் நோவதில்லை. அதற்குள் கோப்பை வந்துவிட்டால் மறுப்பதில்லை, அருந்துகின்றோம். மாதத்தில் ஓரிரு கோப்பையால் உடல் பழைய சிறைக்குத் திரும்புவதில்லை. பழக்கத்தை விடுதல் தன்னை ஆளுதலாகும். பகிர்வை மறுத்தல் பிறரைத் தள்ளுதலாகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், அந்தப் பின்வரிசை மாணவன் கூறியவாறு நாம் குழம்பிப் போனவர்களே.

கல்லூரித் தாய்க்கு யாம் வைக்கும் வேண்டுகோள்கள் சிறியன. எமது விழாக்களிலும் கூட்டங்களிலும் தேநீரோடு மல்லிக் கோப்பியும் தூய நீரும் வைக்கப்படுக. வேண்டியதை எடுத்துக்கொள்ள எவருக்கும் கூச்சம் இல்லாதிருக்கட்டும். தேர்வுக்கால இரவு வகுப்புகளிற் கோப்பி வழங்கும் வழக்கம் கைவிடப்படுக. அதற்கு மாற்றாக மாணவர் நேரத்தோடு வீடு சென்று உறங்க விடப்படுக. குளிர்நாடுகளில் இரவுப்பணி செய்து கோப்பியால் விழித்திருக்கும் பழைய மாணவர்க்கு அறிவுரை கூற யாம் துணியோம். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த சுவர்களுக்குள் அமர்ந்தே இதனை எழுதுகின்றோம். ஊருக்கு வரும்போது எமது இல்லத்துக்கும் வருக என்றுமட்டும் அழைக்கின்றோம். கோப்பி வேண்டுவோர்க்குக் கோப்பி உண்டு. மல்லி வேண்டுவோர்க்கு மல்லி உண்டு. இரண்டும் ஒரே வகைக் குவளையில் வரும்.

வாழ்க எம் கல்லூரி! வளர்க அதன் மாணவர் பரம்பரை!